வெல்லத்தில் கரையாத மரு

திருவள்ளூரிலுள்ள வீரராகவப் பெருமாள் என்கின்ற சாமிக்கு “வைத்திய வீரராகவர்” என்று ஒரு பட்டம் இருப்பது நமது வாசகர்களில் அநேகருக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பட்டத்தை எந்த வைத்தியக் கல்லூரி கொடுத்தது என்று கேட்க நாம் வரவில்லை. ஒரு முனிவர் வருஷம் முழுவதும் பட்டினி கிடந்து, தமக்கென்று வைத்திருந்த மாவைக் கிழப் பார்ப்பனர் வேஷத்தில் வந்து வாங்கித் தின்றுவிட்டு, உண்ட களைப்புக்குப் படுக்க “எவ்வுள்?” என்று பெருமாள் கேட்டபடியால் அவ்வூருக்குத் திருஎவ்வுள் என்று பெயர் வந்ததாகத் தல புராணம் சொல்லுகிறது. பட்டினி கிடந்தவனுடைய மாவைத் தின்றவருக்கு வைத்தியர் பட்டம் எப்படி வந்து சேர்ந்தது என்பது புராணக்காரர்களுக்கே வெளிச்சம். நாம் சொல்ல வந்தது வேறு. அமாவாசை தோறும், முக்கியமாய்த் தை அமாவாசையில், ஆயிரக்கணக்கான ஜனங்கள் அவ்வூரில் கூடுகிறார்கள். உடம்பில் மரு, கட்டி முதலியவை உள்ளவர்கள் கடையில் வெல்லத்தை வாங்கிக் கோவில் குளத்தில் கரைக்கிறார்கள். குளத்தில் வெல்லம் கரைவதுபோல் உடம்பில் மருவும் கரைந்து போகுமாம்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது மாத்திரம் பகுத்தறிவு ஆகிவிடாது. ஏனெனில், வெல்லம் கரைத்தவர்களில் சிலருக்கு மரு போய்விட்டது என்று சொல்லப்படுவது முழுப் பொய்யல்ல. மரு போனது உண்மையாகவே இருக்கலாம். வெல்லத்தால் போனது என்பதுதான் புரட்டு. மரு என்பது எச்.பி.வி. என்று டாக்டர்கள் சுருக்கமாய்ச் சொல்லுகிற ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியால் உண்டாவதாகும். அதில் 200க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. சில வகை கையிலும் காலிலும் மருவை உண்டாக்கும். சுமார் 40 வகை ஆண் பெண் மறைவிடங்களில் தொற்றும். இக்கிருமி உடம்பில் புகுந்தால், உடம்பிலிருக்கிற எதிர்ப்புச் சக்தி மெள்ள மெள்ள அதைக் கண்டுபிடித்து அடக்கிவிடுவது வழக்கம். மறைவிடத்தில் இக்கிருமி தொற்றியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இரண்டு வருஷ காலத்திற்குள் அது தானாகவே அடங்கிவிடுகிறது. ஆகவே வெல்லம் கரைத்தவருக்கும் போகும், கரைக்காதவருக்கும் போகும். போனவர் அடுத்த அமாவாசைக்கு வந்து பெருமாள் மகிமையைப் பத்துப் பேரிடம் சொல்லுகிறார். போகாதவரோ, தம்முடைய பக்தி போதவில்லை என்று வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளுகிறார். இப்படிப்பட்ட கணக்கில் எந்தச் சாமிதான் வைத்தியர் ஆகாது?

நிற்க. கையில் வந்த மருவுக்காவது குளம் இருக்கிறது, நாலு பேரிடம் காட்டி யோசனை கேட்கவும் முடியும். மறைவிடத்தில் வந்த மருவை நமது ஜனங்கள் சாமிக்குக்கூடச் சொல்லத் துணிவதில்லை. இன்று நாம் எழுதுவது அந்த மருவைப் பற்றித்தான். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று முகஞ் சுளிக்கிறவர்கள் இருப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். 1930ஆம் வருஷ வாக்கில் கர்ப்பத்தடையைப் பற்றி நமது இயக்கம் பேசியபோதும் இதே முகம் இப்படியேதான் சுளித்தது. இன்றைக்கு அதே கர்ப்பத்தடையைச் சர்க்கார் செலவு செய்து விளம்பரப்படுத்துகிறது. ஆனதால் சுளிக்கிற முகத்துக்காக நாம் நிற்கப்போவதில்லை.

திருவள்ளூர் ஜில்லாவின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையும், இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகளும், கல்கத்தாவுக்குப் போகும் பெருஞ்சாலையும், அதில் இரவும் பகலும் ஓடும் லாரிகளும், சற்றுத் தள்ளி ஆந்திர எல்லையும் இருக்கின்றன. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் ஒரே அறையில் பலர் படுத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். தெற்கு ஜில்லாக்களிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. குடும்பத்தோடு குடியேறியவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஓர் ஊரில் ஆலையில் வேலை செய்கிற ஒரு தோழரை நமது மனதில் நினைத்துக்கொள்ளுவோம். ஒருநாள் குளிக்கும்போது மறைவிடத்தில் சிறு சிறு மருக்கள் பூக்கோசு போல் கொத்தாய் இருப்பதைக் காணுகிறார். வலி இல்லை, ஆனால் பயம் இருக்கிறது. அவர் என்ன செய்கிறார்?

முதலில் ஒரு மாதம் ஒன்றும் செய்வதில்லை. உஷ்ணத்தால் வந்தது என்று எண்ணிக்கொண்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார். பிறகு யாரோ சொன்னார் என்று சுண்ணாம்பையும் சவுக்காரத்தையும் குழைத்துத் தடவுகிறார், அல்லது அம்மான் பச்சரிசிப் பாலையோ எருக்கம் பாலையோ வைக்கிறார். மெல்லிய தோல் வெந்து புண்ணாகிறது. அதன் பிறகு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் “இரகசிய வியாதிகளுக்கு” என்று ஒட்டியிருக்கும் நோட்டீசைப் பார்த்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்குகிற பரம்பரை வைத்தியரிடம் போகிறார். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, இளமையில் செய்த தப்பிதம் என்று ஒரு போடு போட்டு, லேகியமும் சூரணமும் கட்டிக்கொடுத்து, அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொள்ளுகிறார். இவ்வளவையும் அந்தத் தோழர் தனியாகவே செய்கிறார். இவ்வளவு காலமும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை.

அவளுக்கும் மரு வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுவோம். அப்போது நடப்பது என்ன? அவள் யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறாள், அல்லது மாமியாருக்குத் தெரிந்து, “இது எங்கிருந்து வந்தது?” என்று அவளைக் கேட்கிறார்கள். அவனைக் கேட்பதில்லை.

ஏன் அவனைக் கேட்பதில்லை என்பதற்குக் காரணம் நமது பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. இந்த மாதிரி வியாதிகளுக்கு நமது நாட்டில் காலங்காலமாய் வழங்கி வருகிற பெயர் “பொம்பளைச் சீக்கு” என்பதாகும். படித்தவர்கள் சற்று நாசூக்காய்ப் “பெண் சீக்கு” என்பார்கள். இந்தப் பெயரை வைத்தவர் ஆண் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆணுக்குப் பெண்ணிடமிருந்து வந்தால் அது பெண் சீக்கு. பெண்ணுக்கு ஆணிடமிருந்து வந்தால் அதற்கு ஒரு பெயரே நமது பாஷையில் இல்லை. தண்ணீருக்கு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் குணமாவது உண்டு. இந்த வைரசுக்கு அந்தப் பாகுபாடும் கிடையாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே போகும், வரும். கற்பு என்னும் வார்த்தையைப் பெண்ணுக்கு மாத்திரம் பூட்டி வைத்த அதே புத்திதான், வியாதிக்கும் பெண்ணின் பெயரைச் சூட்டி, ஆணைத் தப்பவிட்டது.

இது பாமர ஜனங்களின் அறியாமை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். சர்க்காரும் இதையேதான் சட்டமாய்ச் செய்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு இவ்வியாதிகள் பரவுகின்றன என்பதற்காக, சென்னை மாகாணத்தில் “லாக் ஆஸ்பத்திரி” என்று பெண்களைப் பிடித்துப் பூட்டிவைக்கும் ஆஸ்பத்திரிகள் இருந்தன. 1868ஆம் வருஷத்தில் தொற்று நோய்ச் சட்டம் என்று ஒன்றை இந்தியாவுக்கென்று செய்து, தாசித் தொழில் செய்கிறவர்கள் என்று எண்ணப்பட்ட பெண்களின் பேரைப் பதிந்து, கட்டாயமாய்ப் பரிசோதனை செய்தார்கள். வியாதி கண்டவளை உள்ளே வைத்தார்கள். அவளிடம் வந்துபோன சிப்பாயைக் கட்டாயப்படுத்திப் பார்க்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. பாதிப் பேருக்கு வைத்தியம் செய்து பாதிப் பேரை ஊர் சுற்ற விட்டால் வியாதி எப்படி ஒழியும்? ஒழியவில்லை. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் என்னும் அம்மையார் இம்மாதிரிச் சட்டத்தை எதிர்த்து வருஷக்கணக்காய்ப் போராடி, அங்கே 1886இல் அது ரத்தாகி, இங்கேயும் 1888இல் எடுத்துவிட்டார்கள். சட்டந்தான் போயிற்று, புத்தி போகவில்லை. அதற்கு நூறு வருஷத்திற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். இந்தியாவில் எயிட்ஸ் கிருமி முதல் முதல் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், நமது சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் படித்த நிர்மலா அவர்களும் செய்த அந்த வேலை பெரும் பாராட்டுக்குரியது. ஆனால் அந்த இரத்தம் யாருடையது? சர்க்கார் காப்பகத்தில் அடைபட்டிருந்த ஏழைப் பெண்களுடையது. அவர்களுக்குக் கிருமியைக் கொடுத்த ஆண்கள் வீதியில் தாராளமாய் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

இனி, மரு விஷயத்தில் உண்மை என்ன என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மறைவிடத்து மருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, எச்.பி.வி. கிருமியில் 6, 11 என்று எண் கொடுக்கப்பட்ட இரண்டு வகைகளால் உண்டாகின்றன. இக்கிருமி பெரும்பாலும் சம்போகத்தின் போது தோலோடு தோல் உராய்வதால் தொற்றுகிறது. இதை நாம் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் தொற்றிய மறுநாள் மரு வந்துவிடாது. சில வாரங்களிலும் வரலாம், சில மாதங்களிலும் வரலாம், சில பேருக்கு வருஷங்கள் கழித்தும் வரலாம். தொற்றியவர்களில் பலருக்கு மரு என்பதே வராமல், கிருமி மாத்திரம் உள்ளே இருந்து மற்றவருக்குப் போவதும் உண்டு. எனவே, இன்று மரு தோன்றியது என்பதைக் கொண்டு, நேற்று இவர் தப்பு செய்தார், போன மாதம் இவள் தப்பு செய்தாள் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கலியாணத்துக்கு முந்தி வந்ததா, பிந்தி வந்ததா, அவரிடமிருந்து இவருக்கா, இவரிடமிருந்து அவருக்கா என்பதற்கு மருவில் தேதியும் இல்லை, விலாசமும் இல்லை. ஒருவருக்கு மரு இருந்து மற்றவருக்கு இல்லையென்றால், இல்லாதவர் யோக்கியர், இருப்பவர் அயோக்கியர் என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. மருவைச் சாட்சியாய் வைத்துப் பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறவன், வெல்லத்தைக் கரைக்கிறவனைவிடப் பெரிய மூடநம்பிக்கைக்காரன் என்று நாம் தைரியமாய்ச் சொல்லுவோம். வெல்லம் கரைக்கிறவனால் அதிகம் போனால் குளந்தான் கெடும்.

புருஷன் ஊருக்கு ஊர் போய் வந்து தப்பு செய்தவனாகவே இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அது புருஷனும் பெண்ஜாதியும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி. தீராவிட்டால் பிரிந்து போகிற உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டு மகாநாட்டிலேயே நமது இயக்கம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த வழக்கு வேறு, இந்த வைத்தியம் வேறு. வழக்குத் தீருகிறவரையில் வைத்தியத்தை நிறுத்தி வைக்கக்கூடாது.

வைத்தியம் என்னவென்றால், கிருமியை அடியோடு கொல்லும் மருந்து இன்றுவரையில் கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படி ஒரு மருந்து தன்னிடம் இருக்கிறதென்று சொல்லுகிறவன் பித்தலாட்டக்காரன். ஆனால் மருவை எடுக்கப் பல வழிகள் இருக்கின்றன. திரவ நைட்ரஜன் என்னும் கடுங்குளிர்ச்சியால் உறையவைத்து உதிர்ப்பது ஒன்று. மின்சாரத்தால் சுட்டு எடுப்பது ஒன்று. டிரைகுளோரோ அசிடிக் அமிலத்தை டாக்டர் கையாலேயே மருவில் மாத்திரம் படும்படி வைப்பது ஒன்று. போடோபிலின் என்னும் மருந்தைப் பூசுவதும், இமிக்குவிமாட் என்னும் களிம்பை வீட்டிலேயே தடவிக்கொள்ளுவதும் உண்டு. இவற்றில் எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பமாயிருக்கிற பெண்ணுக்குப் போடோபிலின் கூடவே கூடாது. ஆகையால் பெண், தான் கர்ப்பமாய் இருந்தாலும், இருக்கலாம் என்ற சந்தேகமிருந்தாலும், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். புருஷனுக்குக் கொடுத்த மருந்தைப் பெண்ஜாதி எடுத்துப் பூசிக்கொள்ளுகிற சிக்கனம் ஆபத்தானது. எடுத்த மரு திரும்ப வருவதும் உண்டு. முக்கியமாய் முதல் மூன்று மாதத்தில். வந்தால் வைத்தியம் பொய் என்று நினைத்து லாட்ஜ் வைத்தியரிடம் திரும்பிவிடக்கூடாது. திரும்பவும் அதே டாக்டரிடம் போக வேண்டும். வைத்தியம் நடக்கிற காலத்தில் சம்போகத்தை நிறுத்தி வைப்பது உத்தமம். ஆணுறை இக்கிருமி தொற்றுவதைக் குறைக்கும். மூடாத இடத்துத் தோலிலும் கிருமி இருக்குமாதலால் முற்றிலும் தடுத்துவிடாது. இமிக்குவிமாட் தடவுகிறவர்கள், அக்களிம்பு ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்தும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவருக்குத்தானே மரு இருக்கிறது, இருவரும் ஏன் போக வேண்டும் என்றால், பல காரணங்கள் உண்டு. மரு சிறிதாயிருந்தால் தமக்கு இருப்பதே தெரியாது. பெண்ணுக்கு உள்ளே இருந்தால் டாக்டர் பார்த்தால்தான் தெரியும். மேகப்புண் வியாதியிலும் மருவைப் போன்ற தடிப்பு வருவதுண்டு. அதற்கு வைத்தியமே வேறாதலால் இருவருடைய இரத்தத்தையும் சோதித்துப் பார்ப்பது அவசியம். எயிட்ஸ் கிருமிக்கும் அப்போதே பார்த்துவிடலாம். இன்னும் ஒரு காரணம், நமக்கு எல்லாவற்றிலும் பெரிதாய்த் தோன்றுகிறது. டாக்டர் சொல்லுவதை இருவரும் ஒரே நாற்காலி வரிசையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கேட்டால், வீட்டுக்கு வந்து ஒருவர் மற்றவருக்குத் திரித்துச் சொல்ல இடமிராது. “டாக்டர் உன்னிடமிருந்துதான் வந்தது என்றார்” என்று சொல்லி அடிக்கிற புருஷர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. அது மருவைவிடப் பெரிய விஷயம். மருவை உண்டாக்குகிற வகைகள் வேறு, புற்றுநோயை உண்டாக்குகிற வகைகள் வேறு. மரு வந்தவளுக்குப் புற்று வந்துவிடும் என்று பயமுறுத்துவது தப்பு. ஆனால் அதே எச்.பி.வி. குடும்பத்தைச் சேர்ந்த 16, 18 என்னும் இரண்டு வகைகளே கர்ப்பப்பையின் வாயில் வருகிற புற்றுநோயில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் காரணம். இதை ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹாசன் என்னும் விஞ்ஞானி 1983, 1984 வருஷங்களில் கண்டுபிடித்தார். அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தியாவில் 2022ஆம் வருஷத்தில் மாத்திரம் சுமார் 1,27,000 பெண்களுக்கு இப்புற்று வந்ததாகவும், சுமார் 80,000 பேர் செத்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. மரு கண்ணுக்குத் தெரியும். இந்தப் புற்று முற்றுகிறவரையில் தெரியாது. மருவுக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண் 30 வயதுக்கு மேற்பட்டவளானால், அன்றைக்கே கர்ப்பப்பை வாயையும் பார்த்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று நாம் சொல்லுவது இதனால்தான். மரு இல்லாத பெண்ணும் பார்த்துக்கொள்ள வேண்டியதே.

பார்க்கிற முறை மிகச் சாதாரணமானது. காடியில் இருக்கிற அசிடிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பார்த்தால், கெட்டுப்போக ஆரம்பித்த இடம் வெள்ளையாய்த் தெரியும். தெரிந்தால் அதை அப்போதே உறையவைத்து அழித்துவிடலாம். இதைச் செய்ய பெரிய இயந்திரம் வேண்டியதில்லை, பழகிய நர்சு போதும். வெல்லத்தைப் போலவே காடியும் சமையற்கட்டுச் சாமான்தானே, ஒன்றை நம்பச் சொல்லி ஒன்றைப் புரட்டு என்கிறீர்களே என்று ஒரு வைதீகர் கேட்கலாம். கேட்கட்டும். திண்டுக்கல் ஜில்லாவில் 2000ஆம் வருஷம் தொடங்கி, 30 வயது முதல் 59 வயது வரையிலுள்ள சுமார் 49,000 பெண்களை ஒரு பிரிவாகவும், சுமார் 31,000 பெண்களை மற்றொரு பிரிவாகவும் வைத்து, முதற்பிரிவாருக்கு இந்தக் காடிச் சோதனை செய்ய ஏற்பாடு செய்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கம்போல் விட்டார்கள். அம்பிளிக்கையிலுள்ள ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் கிராமம் கிராமமாய்ப் போய் வேலை செய்தார்கள். சில வருஷம் கழித்து இரண்டு பிரிவையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், சோதனை நடந்த பிரிவில் புற்று வந்தது நூற்றுக்கு 25 பங்கும், சாவு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தது. இந்த முடிவு 2007இல் “லான்செட்” என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. காடிக்கு வைத்த இந்தப் பரீட்சையை வெல்லத்துக்கு வைக்கத் தேவஸ்தானத்தார் தயாரா? அமாவாசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கரைக்கட்டும், பாதிப் பேர் சும்மாயிருக்கட்டும், ஒரு வருஷம் கழித்து எண்ணிப் பார்க்கட்டும். வெல்லம் ஜெயித்தால் நாமும் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு வருகிறோம். நமது திண்டுக்கல் பெண்கள் உலகத்துக்கே ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது தெரியாமல் நாம் தைத் திருநாளில் அவர்களுக்கு மஞ்சளும் குங்குமமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வராமல் தடுக்கும் ஊசியும் இப்போது இருக்கிறது. வந்த மருவை அது போக்காது. வருமுன் போட்டால் காக்கும். ஆஸ்திரேலியாவில் 2007 முதல் பள்ளிக்கூடப் பெண்களுக்கு இதைப் போட்டு வந்தார்கள். அந்த வருஷம் அங்கே பால்வினை நோய் ஆஸ்பத்திரிகளுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு மரு இருந்தது. 2011இல் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகிவிட்டது. இதில் விசேஷம் என்னவென்றால், ஊசியே போடாத அதே வயது ஆண்களுக்கும், அதாவது பெண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும், மரு நூற்றுக்கு 12இலிருந்து 2 ஆகக் குறைந்தது. பெண்ணைக் காத்தால் ஆணும் தப்பினான். அப்புறம் 2013இல் ஆண் பிள்ளைகளுக்கும் போட ஆரம்பித்தார்கள். நமது நாட்டில் புனாவிலுள்ள சீரம் கம்பெனி 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைக்கும் சேர்த்து “செர்வாவேக்” என்ற ஊசியைச் செய்திருக்கிறது. 9 வயது முதல் 26 வயது வரையில் ஆண் பெண் இருபாலாருக்கும் போடலாமென்று 2022இல் அனுமதியாகியிருக்கிறது. தமிழ்நாடு சர்க்காரும் 14 வயதுப் பெண்களுக்கு இவ்வூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக 2025 மார்ச்சு மாத பட்ஜெட்டில் அறிவித்தது. இதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் ஊசியிலும் பெண்ணை மாத்திரம் கூப்பிட்டது ஏன் என்று கேட்காமலிருக்கவும் முடியவில்லை. பணம் கொஞ்சமாயிருந்தால் முதலில் பெண்ணுக்குப் போடுவது நியாயம் என்று டாக்டர்கள் சொல்லுவதில் அர்த்தமிருக்கிறது, புற்று அவளுக்கே அதிகமாதலால். ஆனாலும், ஊசிக்குப் பெண்தான் வர வேண்டும் என்றால், வியாதியும் பெண்ணுடையதுதான் என்று பழைய பெயரையே ஜனங்கள் நினைத்துக்கொள்ளுவார்கள். பெண்ணுக்குப் போட அழைத்துப் போகிற தகப்பன், அது அவள் நடத்தைக்கு அத்தாட்சி என்று அக்கம்பக்கத்தார் பேசுவதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடக்கூடாது. அம்மை குத்தினபோதும் இப்படித்தான் பேசினார்கள்.

எங்கே போவது என்று வாசகர்கள் கேட்பார்கள். திருவள்ளூரில் ஜில்லா ஆஸ்பத்திரி 2022 முதல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியாகி இருக்கிறது. கோவில் குளத்துக்கு அமாவாசைக்கு வருகிறவர்கள் அதே ஊரில் அங்கேயும் போகலாம். கும்மிடிப்பூண்டித் தோழர்களுக்குச் சொந்த ஜில்லாவின் தலைநகருக்குப் போவதைவிடச் சென்னைக்குப் போவது சுலபம். திருவள்ளூருக்கு நேர் ரெயில் கிடையாது, பெரியபாளையத்து வழியாய்ப் பஸ்ஸில் சுற்ற வேண்டும். மின்சார ரெயிலில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். எதிரிலேயே ராஜீவ் காந்தி பெரியாஸ்பத்திரி இருக்கிறது. சென்னை வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த பால்வினை நோய்ப் பிரிவு அதற்கென்றே அங்கே இருக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பணம் கேட்பதில்லை; உங்கள் பெயரை ஆலைக்கோ ஊருக்கோ எழுதியனுப்புவதும் இல்லை. உள்ளே ஏதாவது ஒரு சிப்பந்தி இழிவாய்ப் பேசினால், நோயாளியின் மரியாதையைக் கெடுக்க அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். டாக்டரும் பெண் நோயாளிக்குப் பெண் ஒருவர் துணையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டியவர்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. என்னும் உரிமையும் இருக்கிறது. சம்பள வரம்பை 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். அதற்குட்பட்ட தொழிலாளியின் கூலியிலிருந்து மாதாமாதம் இதற்கென்று பிடிக்கிறார்கள். பிடிக்கிற பணத்துக்கு வைத்தியம் அவனுக்கு மாத்திரமல்ல, அவன் பெண்ஜாதிக்கும் உண்டு. காண்டிராக்டர் ஆளாயிருந்தாலும் உண்டு. ஆனால் கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிதில் தனியாளாய்ப் பதிந்துகொண்டு, பிறகு குடும்பத்தைக் கூட்டிவந்தவர்கள் பெண்ஜாதியின் பெயரைச் சேர்க்காமலே விட்டுவிடுகிறார்கள். அட்டையை எடுத்துப் பாருங்கள். அவள் பெயர் இல்லையென்றால், இந்த வாரமே ஆலை ஆபீசில் சொல்லிச் சேர்த்துவிட்டு, ஒருநாள் லீவு எழுதிக்கொடுத்து, இருவருமாய்ப் புறப்படுங்கள்.